முதலில் நீரை வளர்ப்போம்

ஓட்டமாவடிப் பாலத்தில் மாலை வேளையில் நடந்து செல்பவர்கள் சற்றே நின்று வாவியை நோக்காமற் போவது அரிது. தோணிகள் கரை திரும்பும் நேரம் அது. மார்பளவு நீரில் நின்று அத்தாங்கினால் இறால் வடிப்போரின் தலைகளும் தோள்களும் ஆங்காங்கே தெரியும். ஒரு புறத்திலிருந்து மாதுறு ஓயா கொண்டுவரும் காட்டு நீர். மறுபுறத்திலிருந்து ஏறி வரும் கடல் நீர். இரண்டும் கலக்கும் இடத்தில் நம் ஊர் இருக்கிறது.

இரு மாதங்களுக்கு முன்னர் அப்பாலத்தின் மேல் என் மாணவர் ஒருவரைக் கண்டேன். கையிலே நீர் நிறைந்த பொலித்தீன் பை. அதனுள்ளே குன்றிமணியைச் சற்று நீட்டி விட்டாற்போன்ற பத்துச் சிற்றிறால்கள், செக்கச் செவேலென்று.

"எங்கே தம்பி கொண்டு போகிறீர்?" என்றேன்.

"வீட்டுக்கு சேர். தங்கச்சி கனநாளாக் கேட்டவ. தொட்டியும் இண்டைக்குத்தான் வாங்கினது. போய்த் தண்ணி ஊத்தி விடவேணும்."

"அப்படியாயின் அந்தப் பையை இங்கே தாரும். ஆறு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளும்."

மாணவரிடமிருந்து பந்தையும் கைத்தொலைபேசியையும் பறிமுதல் செய்யும் ஆசிரியர்கள் பலர் உளர். இறாலைப் பறிமுதல் செய்தவன் நான் ஒருவனாகவே இருப்பேன். அவர் முகம் போன போக்கைக் கண்டு, காரணத்தை அவ்விடத்திலேயே நின்று விளக்கத் தொடங்கினேன். பாதியும் சொல்லி முடியவில்லை. மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. அவர் விடைபெற்றார். எஞ்சியதை இவ்வாரம் இப்பக்கத்தில் எழுதுகிறேன்.

என் வீட்டில் முதன்முதலாக இறால் தொட்டி வைத்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்னர். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நாய் வேண்டும் என்று கேட்டாள். இறாலில் வந்து முடிந்தது. காலையில் தொட்டி வாங்கினேன். மாலையில் இறால் வாங்கினேன். விருந்தாளிக்கு வீட்டிலுள்ளவற்றுள் சிறந்ததையே அளிக்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் இரவில் செப்புக் குடத்தில் நீர் நிறைத்து வைத்துக் காலையில் அருந்தும் வழக்கம் என் தாயார் காலந்தொட்டு உண்டு. அந்தக் குடத்து நீரையே பயபக்தியோடு இரண்டு முறை கொணர்ந்து தொட்டியில் ஊற்றினேன். பத்து இறால்களையும் விட்டோம். மகள் இரவு நெடுநேரம் தொட்டியின் முன்னாலிருந்து எழவில்லை.

விடிந்ததும் என்னை எழுப்பி, "அப்பா, எல்லாம் நித்திரை கொள்ளுதுகளோ?" என்று கேட்டாள்.

ஒன்றுகூட உயிரோடில்லை.

இதன் காரணத்தை அறிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் சென்றன. நம் இரத்தம் சிவப்பாயிருப்பது அதிலுள்ள இரும்பினால். இறாலின் இரத்தத்தில் இரும்பின் வேலையைச் செய்வது செப்பு. ஈமோசயனின் எனப்படும் அப்பொருள் ஒட்சிசனை ஏற்கும்போது நீல நிறங் கொள்ளும். செப்பினால் உயிர் வாழும் பிராணிக்குச் செப்பே நஞ்சாகுமோ என்று நீங்கள் வினவலாம். உடலுக்குள்ளே அளவோடு கட்டுண்டிருக்கும் செப்பு வேறு. நீரிலே கரைந்து பூக்களின் வழியே தடையின்றி உட்புகும் செப்பு வேறு. மனிதர் அருந்தும் நீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செப்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதன் சிறு பங்கே இத்தகைய சிற்றிறால்களைக் கொல்லப் போதும். ஆகவே செப்புக் குடம் நமக்கு நல்லது, இறாலுக்கு ஆகாது. மீன் நோய்களுக்கென விற்கப்படும் மருந்துகள் பலவற்றிலும் செப்பு உண்டு. மீனுக்கு வாங்கிய மருந்தை இறால் தொட்டியில் விடுமுன் போத்தலின் மேலுள்ள சிட்டையை வாசித்தல் அவசியம்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் பத்து இறால்கள் வாங்கினேன். இம்முறை தொட்டியைப் பளபளக்கத் தேய்த்துக் கழுவி, கிணற்று நீரை மட்டுமே நிரப்பினேன். மூன்று நாட்கள் அவை நன்றாகவே ஓடித் திரிந்தன. பரிவு மிகுதியால் காலையும் மாலையும் சோற்றுப் பருக்கைகளை இட்டோம். நான்காம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. மகள் ஒவ்வொரு காலையும் வந்து எண்ணுவாள்: ஒன்பது, ஏழு, ஆறு. எட்டாம் நாள் அவள் எண்ண வரவில்லை.

இம்முறை கொன்றது செப்பன்று, அமோனியா. உயிர்களின் கழிவிலிருந்தும், தின்னாது விடப்பட்ட உணவு அழுகுவதிலிருந்தும் நீரில் அமோனியா சேர்கிறது. குளத்திலும் ஆற்றிலும் அது தங்குவதில்லை. ஏனெனில் கல்லிலும் மணலிலும் இலையிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. முதலிரண்டும் இறாலுக்கு நஞ்சு. மூன்றாவது அத்துணைத் தீங்கு செய்யாது; நீர்த் தாவரங்களுக்கு அது உரமாகும். உருசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இப்பற்றீரியாக்களை வேறாகப் பிரித்தெடுத்து, அவை உயிர்வாழும் முறையை உலகுக்கு விளக்கினார். உயர்தர வகுப்பு மாணவர் எவரும் நைதரசன் வட்டத்தை அம்புக்குறியிட்டு அழகாக வரைந்து காட்டுவர். நானே பல ஆண்டுகளாக அதனைக் கரும்பலகையில் வரைந்து வருபவன். வரைந்தவன் வீட்டிலேதான் இருபது இறால்கள் மாண்டன!

பளபளக்கக் கழுவிய புதுத்தொட்டியில் நீர் இருந்தது, பற்றீரியா இல்லை. நான் வார்த்தது இறந்த நீர். அது உயிர் பெறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் வரை வேண்டும். பாலத்தின் மேல் அந்த மாணவரிடம் நான் சொன்ன ஆறு வாரக் கணக்கு இதுதான்.

இந்த உண்மையின் பாதியை இலண்டன் மாநகரத்து இரசாயனவியலாளர் ஒருவர் முன்னரே கண்டிருந்தார். றொபேட் வோரிங்டன் என்னும் அவர் 1849இல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களை விட்டு, வலிசுநேரியா என்னும் நீர்ப்பூண்டையும் நட்டார். பூண்டு ஒட்சிசனைத் தரும், மீன் காபனீரொட்சைட்டைத் தரும், இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் பூண்டின் பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. அவர் சோரவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதனை இலண்டன் இரசாயனச் சங்கத்திற்கு எழுதி அறிவித்தார். மீனும் பூண்டும் மட்டும் போதாது, அழுக்கைத் தின்னும் மூன்றாமவர் ஒருவரும் வேண்டும் என்பதே அவர் கண்டது. நாம் வளர்க்கப் போகும் சிற்றிறால் அந்த மூன்றாமவரின் வேலையைச் செய்வதாகும்.

இனித் தொட்டி வைக்கும் முறைக்கு வருவோம். நீளம் 18 அங்குலம், அகலமும் உயரமும் 12 அங்குலம் கொண்ட தொட்டி ஒரு குடும்பத்துக்குப் போதும். அது ஏறக்குறைய 42 லீற்றர் நீர் கொள்ளும். அதாவது நீரின் பாரம் மட்டுமே 42 கிலோ. ஆடும் மேசையில் வைக்க வேண்டாம். இதனிலும் சிறிய கண்ணாடிப் போத்தலில் இறால் வாழாதா என்றால், வாழும். ஆயின் சிறு நீரில் சிறு பிழையும் பெரும் பிழையாகும். முதன்முறை தொடங்குவோருக்குப் பெரிய தொட்டியே எளிது.

தொட்டியை வெறும் நீரால் கழுவுங்கள். சவர்க்காரம் கூடவே கூடாது. ஆற்று மணலை அரித்துக் கழுவி இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். எமது பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடின நீர் என்பதைக் கேத்தலின் அடியிற் படியும் வெண்படலம் காட்டும். தேநீருக்கு அது குறையாயிருக்கலாம். ஓடு வளர்க்க வேண்டிய இறாலுக்குக் கல்சியம் உள்ள நீர் நன்மையே. கோடையில் உவர்க்கும் கிணறாயின் அந்நீரை விடுத்துக் குழாய் நீரைக் கொள்ளலாம். ஆனால் குழாய் நீரில் குளோரீன் இருக்குமாதலால், அகன்ற வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

வலிசுநேரியாவோ ஐதரில்லாவோ நம் குளங்களில் கிடைக்கும். வயலோரத்து வாய்க்காலில் பிடுங்க வேண்டாம். பூச்சிநாசினி தெளித்த நீரில் வளர்ந்த பூண்டு இறாலுக்கு யமன். எங்கிருந்து எடுத்தாலும் ஒரு வாரம் தனி வாளியில் இட்டு, நீரைப் பலமுறை மாற்றியே தொட்டியில் நடுக. வாதுமை மரத்திலிருந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் நீர் இளந்தேநீர் நிறமாகும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டாம். இலை ஊறி மெத்தென்றான பின் இறால்கள் அதன் நரம்பு மட்டும் எஞ்சும்படி மேய்ந்துவிடும்.

வடிகட்டிக்குச் சிறந்தது பஞ்சுதான். சிறிய காற்றுப் பம்பியை அதனோடு இணைத்தால், குமிழிகள் மேலேறும்போது நீர் பஞ்சினூடே இழுபடும். விசை மிக்க வடிகட்டிகள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். பஞ்சு அவ்வாறு செய்யாது. அன்றியும் அப்பஞ்சின் துளைகளே பற்றீரியாக்களின் குடியிருப்பு. அதனைக் கழுவ நேரும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிய வேண்டும். குழாயின் கீழ்ப் பிடித்துப் பிழிந்தீர்களானால் ஆறு வார உழைப்பு அந்த நிமிடத்திலேயே போய்விடும்.

எல்லாம் அமைந்த பின் இறால் இல்லாத தொட்டிக்கு நாள்தோறும் சிட்டிகை உணவு இட்டு வாருங்கள். அயலவர் இதனைக் கண்டு சிரிக்கலாம். உணவு அழுகும், அமோனியா பிறக்கும், அதனைத் தேடி பற்றீரியா பெருகும். முதல் வாரத்தில் நீர் பால் கலந்தாற்போல் மங்கும். பின்னர் கண்ணாடியில் கபிலப் படலம் தோன்றும். அதன் பின் பச்சைப் பாசி. சோதனைத் துளிகள் வாங்கக் கூடியவர்கள் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் இல்லையென்று காட்டும் நாளே இறால் விடும் நாள் என அறிக. முதிர்ந்த தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உளரேல் காலம் சற்றுக் குறையும். என் தொட்டிப் பஞ்சைப் பிழிந்த நீரை ஒரு போத்தலில் அடைத்து அம்மாணவருக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், இந்த ஊத்தையையோ புதுத் தொட்டிக்குள்ள ஊத்துறது?" என்றார். ஆம், அதையேதான்.

இறாலை விடும்போதும் அவசரம் ஆகாது. பையிலுள்ள இறாலை நீரோடு ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய குழாயொன்றை முடிச்சிட்டுக் கீழே இறக்கி, ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றுவதுபோலத் துளித்துளியாக நீர் விழச் செய்யுங்கள். இரண்டு மணித்தியாலம் செல்லட்டும்.

எங்கள் மூன்றாம் முயற்சி இவ்வாறே நடந்தது. மகளுக்கு நம்பிக்கையில்லை, தொட்டிப் பக்கம் வருவதையும் விட்டிருந்தாள். பத்தாம் நாட் காலையில் தற்செயலாகப் பார்த்தவள், "அப்பா, இதிலயும் ஒன்று செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மணலின் மேல் வெளிறிய ஓர் இறால் அசைவின்றிக் கிடந்தது. நானும் மனம் தளர்ந்து அதனை எடுக்கப் போனேன். கரண்டி பட்டதும் அது காற்றுப்போல் மிதந்தது. வெறும் கூடு! கண் முதல் மீசை வரை அச்சாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அவளை அழைத்து வந்து எண்ணச் சொன்னேன். பத்தும் இருந்தன. சட்டை கழற்றிய இறால் வலிசுநேரியாவின் பின்னே ஒளிந்து நின்றது.

ஓட்டின் அளவுக்கு மேல் உடல் வளர இயலாது. ஆதலால் இறால் அவ்வப்போது ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது இறுகும் வரை மறைந்திருக்கும். அந்த ஒரு நாள் அது மிகவும் மென்மையாயிருக்கும். கழற்றிய ஓட்டை எடுத்தெறியலாகாது. அதிலுள்ள கல்சியத்துக்காக இறால்களே அதனைத் தின்னும். அன்று முதல் மகள் மீண்டும் எண்ணத் தொடங்கினாள்.

உணவைப் பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். பத்து இறாலுக்கு வேகவைத்த பசளியிலை விரல்நகம் அளவு போதும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் கேடில்லை, பாசி இருக்கிறது.

பட்டினியிலும் பார்க்க வெப்பத்துக்கே அஞ்ச வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளில் நீரின் வெப்பநிலை 30 பாகையை எளிதிற் கடக்கும். சூடேறச் சூடேற நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். மேற்கு யன்னலருகே தொட்டி வைக்க வேண்டாம். மூடியைத் திறந்து விட்டு, மின்விசிறிக் காற்று நீரின் மேற்பரப்பில் படச் செய்தால் இரண்டு மூன்று பாகை தணியும். நுளம்புத் திரியும் பூச்சிமருந்துத் தெளிப்பானும் தொட்டி உள்ள அறையில் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு இறாலும் பூச்சியின் உறவினரே. டெங்குத் தடுப்புக்காகத் தெருவில் புகையடிக்க வருவோர் அறிவித்தால், தொட்டியை ஈரத்துணியால் மூடிக் காற்றுப் பம்பியை நிறுத்திவிடுங்கள். அன்றேல் அறையின் புகையைப் பம்பியே நீருக்குள் செலுத்தும். புகை நீங்கியதும் மறவாமல் பம்பியை மீண்டும் இயக்குக.

மூன்று மாதம் சென்றபின் ஓர் இறாலின் வயிற்றின் கீழ் இருபது இருபத்தைந்து முட்டைகள் தெரிந்தன. தாய் அவற்றைக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெளிவந்த குஞ்சுகள், தாயின் உருவத்தை எள்ளளவாகச் சுருக்கினாற்போல் இருந்தன. இச்செவ்விறால் தாய்வான் முதலிய கிழக்காசிய நாட்டு நன்னீரோடைகளுக்குரிய நியோகரிடினா இனத்திலிருந்து வண்ணத்துக்காகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிப்பது. அதனாற்றான் ஒரு பெட்டிக்குள் அதன் உலகம் அடங்குகிறது.

எல்லா இறாலும் அவ்வாறு அடங்குவதில்லை என்பதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் அயலில் வாழும் முதிய மீனவர் ஒருவர். காக்கா என்றே அவரை அழைப்பேன். குஞ்சு பொரித்த செய்தி அவர் காதுக்கும் எட்டியது. அவ்வாண்டு மாரி வெள்ளத்தில் ஒருநாள் வாளியோடு வந்து நின்றார். உள்ளே முட்டை சுமந்த ஆற்றிறால் ஒன்று, முன்னங்கைகள் நீண்டு, ஒரு சாணுக்குக் குறையாமல்.

"கடையில வாங்கின கூனியெல்லாம் குஞ்சு பொரிக்கிதாமே மாஸ்டர். இந்தா, நம்மட ஆத்து றால். இத வளத்துப் பாருங்க" என்றார்.

வேறொரு பெரிய தொட்டியில் அதனை விட்டேன். சில நாட்களில், ஓர் இரவில், நீரெங்கும் புள்ளி புள்ளியாக ஆயிரக்கணக்கான குடம்பிகள். தாயின் சாயல் சிறிதும் இல்லை. தலைகீழாக, வால் முன்னே செல்ல நீந்தின. மகள் எண்ணுவதைக் கைவிட்டுச் சிரித்தாள். ஐந்தாம் நாள் நீர் வெறுமையாயிருந்தது.

செய்தியைச் சொல்லக் கேட்ட காக்கா வியப்படையவில்லை. "உப்புத் தண்ணி காணாம அது எப்படி மாஸ்டர் வளரும்? தாய் வெள்ளத்தோட கீழ வரும். குஞ்சு மறுகா மேல ஏறும்" என்றார். இதனை முன்னரே சொல்லியிருக்கலாகாதா என்று கேட்டேன். நீங்கள் சயன்ஸ் மாஸ்டர் அல்லவா என்றார்.

அவர் இரண்டு வசனத்தில் சொன்னது, ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டது 1961ஆம் ஆண்டளவில்தான். மலாயாவின் பினாங்குத் தீவில் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தின் நிபுணராகப் பணியாற்றிய ஷாவோ வென் லிங் என்பவர், பெரிய நன்னீர் இறாலின் குடம்பிகள் உவர் கலந்த நீரின்றிப் பிழைக்கமாட்டா என்று கண்டறிந்தார். கடல் நீரில் மூன்றிலொரு பங்கு உவர்ப்புப் போதும். அந்நீரில் குடம்பி பதினொரு பருவங்களைக் கடந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் இறாற்குஞ்சாக உருமாறி, பின்னர் ஆற்றை நோக்கி ஏறத் தொடங்கும். 1965இல் மலேசியாவிலிருந்து தாயிறால்கள் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே தக்குஜி புஜிமுரா என்பவர் அவற்றைப் பெருந்தொகையாகப் பொரிக்க வைக்கும் முறையை வகுத்தார். இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறும் நன்னீரிறால் வளர்ப்புக்கு இவ்விருவர் பணியே அடிப்படை.

பாலத்தின் மேல் நின்று பார்க்கும் வாவி எனக்கு வேறு வகையாகத் தெரியத் தொடங்கியது அதன் பின்னரே. ஆற்றிறாலுக்கு மேலே நன்னீரும் வேண்டும். கீழே உவர் நீரும் வேண்டும். இரண்டுக்கும் இடையே தடையற்ற வழியும் வேண்டும். 1983இல் மாதுறு ஓயாவுக்குக் குறுக்கே எழுந்த பெரும் அணை வயல்களுக்கு நீர் தந்தது. எனினும் அத்தகைய அணையை ஏறிக் கடக்கும் வல்லமை எந்த இறாற்குஞ்சுக்கும் இல்லை. ஆகவேதான் நம் நாட்டின் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, பொரிப்பகங்களில் உவர் நீரில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து நீர்த்தேக்கங்களில் விடுகிறது. அவை அங்கே வளர்ந்து பருக்கும், இனம் பெருக்கா. அடுத்த ஆண்டு மறுபடியும் விட வேண்டும்.

கடையில் இறால் வாங்குவோருக்கும் இது பயன்படும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ (1954–2015) தொட்டிப் பாசியை மேய்வதற்கெனப் பிரபலப்படுத்திய அமானோ இறால், பாசி தின்பதில் நம் செவ்விறாலை வெல்லும். ஆயினும் அதன் குடம்பிக்கும் உவர் நீர் வேண்டும். குஞ்சு காண விரும்பும் பிள்ளைகளுக்கு அதனை வாங்கிக் கொடுத்து ஏமாற்ற வேண்டாம்.

குஞ்சுகள் மிகுந்துவிட்டால் வாவியிலோ குளத்திலோ விடும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. இதனை நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் வயல்களையும் குளங்களையும் மூடிப் பச்சைப் பாயாகக் கிடக்கும் சல்வீனியா எங்கிருந்து வந்தது? 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குப் படிப்புக்கென வருவிக்கப்பட்ட செடி அது. அங்கிருந்து எப்படியோ வெளியேறி நாடெங்கும் பரவிற்று. 1986இல் அதனைத் தின்னும் ஒரு சிறு வண்டை வருவித்து விட்ட பின்னரே ஓரளவு அடங்கியது. ஆற்றுவாழையும் அழகுக்காக வந்து நிலைத்ததே. வாவிக்கு அந்நிய இறாலின் உதவி தேவையில்லை. மிகுந்த குஞ்சுகளை நண்பர்களுக்குக் கொடுங்கள். வாரந்தோறும் மாற்ற வேண்டிய ஐந்தாறு லீற்றர் பழைய நீரை வாய்க்காலில் கொட்டாது கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றுங்கள். நைத்திரேற்று நிறைந்த அந்நீரின் பயனைச் செடி இரு வாரத்தில் காட்டும்.

இனி, பறிமுதல் செய்த இறால்கள். அவற்றைத் தனியாக ஒரு முதிர்ந்த சிறு தொட்டியில் வைத்திருந்தேன். ஆறாம் வாரத்துச் சனிக்கிழமை காலை மாணவர் தம் தங்கையோடு வந்தார். ஏழு வயதிருக்கும். சோதனைத் துளியின் நிறத்தைப் படம் பிடித்து வந்து காட்டினார். அமோனியா இல்லை, நைத்திரைற்றும் இல்லை. அண்ணன் குழாயையும் பாத்திரத்தையும் பற்றி என்னிடம் வினவிக்கொண்டிருக்க, தங்கை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு விரல் நீட்டி எண்ணினாள்.

"நானா, பதினொண்டு இரிக்கி!"

"பத்துத்தான் வாங்கினது" என்றார் அண்ணன்.

அவள் மறுபடியும் எண்ணினாள். பதினொன்றுதான். என் மகள் அருகே சென்று குனிந்து, மணலின் மேல் கிடந்த வெளிறிய ஒன்றைக் காட்டி, "அது சட்டை" என்றாள். அதை எடுக்கவோ என்று தங்கை கேட்டாள்.

"வேண்டாம், விடுங்க. அவங்களுக்கு அது சாப்பாடு."